இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு ஏசி அக்கா என்று பெயர். எட்டு வருடங்களுக்கு முன்னால் கற்றுக்கொள்ள வந்த ஒருவன், "அந்த அக்கா பக்கத்துல உக்காந்தா வண்டிக்கு ஏசியே தேவையில்லடா" என்று நண்பனிடம் சொல்ல, அது முதலாளி காதில் விழுந்து, அங்கிருந்து எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. பெயருக்குக் குறைவில்லாமல்தான் அவளும் நடந்துகொண்டாள். நாற்சந்தியின் நடுவில் வண்டி அணைந்து நின்றுவிடும். பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடிக்கும். ஓட்டுகிறவருக்குக் காது சிவக்கும். அவள் மட்டும் கடையில் வரிசையில் நிற்பவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். "கிளட்ச மிதிங்க. சாவியத் திருப்புங்க. மூச்ச விடுங்க. மூணாவத மறந்துடாதீங்க."

அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பயிற்சி வண்டி என்றால் அது இருந்தே ஆகவேண்டும். அதை மிதித்தால் ஓட்டுகிறவரின் பிரேக்கும் சேர்ந்து இறங்கும். மற்ற பயிற்சியாளர்கள் ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவையாவது மிதிப்பார்கள். அவள் வலது பாதத்தை அந்தப் பெடலுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி வைத்திருப்பாள். ஓட்டுகிறவருக்குத் தானாகத் தப்பு தெரிந்து, தானாகக் கால் மாற்றி, தானாக நிறுத்துகிற வரை காத்திருப்பாள். அந்த ஒரு விரற்கடையில்தான் அவளுடைய மாணவர்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் ஒரு சலவை நிறுவனத்தின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டல்களுக்கு வெள்ளை விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அழுக்கை ஏற்றி வருகிற வேலை. ஒருநாள் முட்டுச்சந்து ஒன்றுக்குள் வேனைப் பின்பக்கமாக விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கச் சுவருக்கும் ஒரு சாண் இடம்கூட இல்லை. இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று, "லெப்ட்ல ஒடி" என்று ஒருவரும், "ரைட்ல ஒடிம்மா, அந்தாளு பேச்சக் கேக்காத" என்று இன்னொருவரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் இருவர் பேச்சையும் கேட்காமல், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல், வேனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கீழே இறங்கி இருவருக்கும் நன்றி சொன்னாள். தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்த பயிற்சிப் பள்ளி முதலாளி, டம்ளரை வைத்துவிட்டு வந்து அங்கேயே வேலைக்குக் கூப்பிட்டார். அவர் இருபது வருடம் லாரி ஓட்டியவர். "ஓட்டத் தெரிஞ்சவங்க ஆயிரம் பேர் இருக்காங்கம்மா. பக்கத்துல சும்மா உக்காரத் தெரிஞ்சவங்கதான் கிடைக்கல" என்றார்.

அமைதி அவளுக்குப் பிறப்பில் வந்ததல்ல. அவள் வளர்ந்த வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேட்பதற்குக்கூட அப்பாவும் சித்தப்பாவும் குரலை உயர்த்துவார்கள். எட்டு வயதிலேயே, தான் கத்தப்போவதில்லை என்று அவள் முடிவுசெய்துவிட்டாள். மற்றவர்கள் நகையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அவள் அதைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த அமைதி கர்ப்பத்தின் நான்காவது மாதத்தில் கைநழுவத் தொடங்கியது.

முதலில் ஒரு செருப்பு. சாலை ஓரத்தில் குழந்தைச் செருப்பு ஒன்று ஒற்றையாகக் கிடந்தது. நீல நிறம், வார் அறுந்திருந்தது. அதைக் கடந்து இரண்டு தெரு தாண்டிய பிறகு அவளுக்குக் கண் நிறைந்து வழிய ஆரம்பித்தது. பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் பயந்துபோய், "அக்கா, நான் எதையாவது இடிச்சிட்டேனா?" என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில், கணவன் பிஸ்கட்டைக் கடிக்கிற சத்தம் தாங்காமல், "அத வெளிய போய்ச் சாப்பிடுங்க" என்றாள். அவன் பிஸ்கட்டோடு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். கதவைத் திறந்து அவன் முதுகைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கவில்லை. நின்றபோது அது அழுகையாகியிருந்தது.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதி அலுவலகங்களில் மேலும் கீழும் போய்வருகிற பெட்டிகள் அவன் கையால் எண்ணெய் பூசப்பட்டவை. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே, செருப்பைக் கழற்றாமல், "இன்னிக்கு எந்த மாடி?" என்று கேட்பது அவன் வழக்கமாகிவிட்டது.

"நாலாவது. இறங்கிட்டிருக்கேன்" என்பாள் சில நாள்.

"அடித்தளம். கதவும் திறக்கல" என்பாள் சில நாள். அப்படிச் சொல்கிற நாட்களில் அவன் துணியை மடிப்பான். அவன் துண்டு மடிக்கிற அழகைப் பார்த்து அதற்கும் அவளுக்குக் கோபம் வரும்.

கோபத்தையும் அழுகையையும்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாதது வேறொன்று. அவள் எதைச் சொன்னாலும் எல்லோரும் வயிற்றைப் பார்த்தார்கள்.

பயிற்சி வண்டியின் பின்பக்க டயர் வழுக்கையாகிவிட்டது. இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் டயர் என்று ஒரு தடவை சொன்னால் போதும், மறுநாள் முதலாளி மாற்றிவிடுவார். இப்போது, "மாத்திடலாம்மா. நீ டென்ஷன் ஆகாத, இந்த நேரத்துல" என்றார்.

"நான் டென்ஷன் ஆகல சார். டயர் தேஞ்சிருக்கு."

"சரிம்மா, சரிம்மா. தண்ணி குடிக்கிறியா?"

"எனக்கு ஆறாம் மாசம்னா டயருக்கு மறுபடி கோடு முளைச்சிடுமா சார்?"

முதலாளி உண்மையிலேயே தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டார். அவள் வண்டிக்குள் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, டயருக்காக அழுதாள். டயருக்காக அழுகிறோம் என்று தெரிந்தே அழுதாள்.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய மாணவர்கள் தேர்வில் தோற்க ஆரம்பித்தார்கள்.

முதலில் மருந்துக்கடைக்காரர். அடுத்து ஒரு கல்லூரி மாணவி. மூன்றாவதாக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். முப்பது வருடம் மற்றவர்களைப் பெயிலாக்கிய மனிதர், முடிவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வு மைதானத்தின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தேர்வின்போது அவள் இடத்தில் ஆய்வாளர் உட்காருவார். அவள் வெளியே நிற்க வேண்டும். மூன்று சீட்டிலும் ஆய்வாளர் ஒரே காரணத்தைத்தான் எழுதியிருந்தார். பிரேக் தாமதம்.

அவளுக்குப் புரியவில்லை. அவளோடு ஓட்டும்போது மூவரும் ஒருநாளும் தாமதமாக நிறுத்தியதே இல்லை. வண்டி வெண்ணெய் மாதிரி நிற்கும். எட்டு வருடத்தில் அவளிடம் படித்தவர்கள் வரிசையாக மூன்று பேர் தோற்றது கிடையாது.

திங்கட்கிழமை காலையில் முதலாளி அவளைக் கூப்பிட்டார். மேசையின் கண்ணாடிக்கு அடியில் பழைய லாரியின் படம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சனிக்கிழமை தையக்காரம்மாவுக்குத் தேர்வு இல்லையா?"

"ஆமா சார்."

"அவங்களும் தோத்துட்டா, குழந்த பிறக்கிற வரைக்கும் நீ டெலிபோன் மேசைல உக்காந்துடும்மா. தண்டனைனு நினைக்காத. மனசு அலைபாயுற நேரம். ரோட்டுல இருக்க வேண்டாம்னுதான்."

"என் மனசுக்கும் அவங்க பிரேக்குக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"தெரியலம்மா. ஆனா மூணு பேரு."

டெலிபோன் மேசை ஜன்னல் ஓரத்தில் இருந்தது. உட்கார்ந்தால் வண்டிகள் போவதும் வருவதும் தெரியும். அதில் தன்னை வைத்துப் பார்த்தாள். வயிற்றோடு, ரிசீவரோடு. ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தாலும், "அந்தம்மாவா, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று யாராவது சொல்வார்கள். வண்டியில் அவளுக்கென்று இருந்தது அந்தப் பக்கத்து இருக்கை ஒன்றுதான்.

அன்று பதினோரு மணி வகுப்பு தையல்கார அக்காவுடையது. ஐம்பது வயது. நான்கு பள்ளிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். போன வருடம் வாடகை வேன்காரன் மூட்டைகளை மாற்றிப் போட்டுவிட, பத்தாம் வகுப்புப் பையன்களின் கால்சட்டை ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டது. "ஒவ்வொரு காலுக்குள்ளயும் ரெண்டு புள்ளைங்க நிக்கலாம் டீச்சர்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இந்த வருடம் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கிவிட்டாள். ஓட்டத் தெரியாததால் அது வீட்டு வாசலில், அவளே தைத்த உறைக்குள் நிற்கிறது. இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் தனித்தனியாகக் காது வைத்து, ஓரத்தில் பைப்பிங் கொடுத்துத் தைத்த உறை. பள்ளி திறக்க இன்னும் பன்னிரண்டு நாள்.

வகுப்புக்கு வந்த முதல் நாளே அவள் ஏசி அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாலு மாசமா? இடுப்புல துணி ரெண்டு அங்குலம் பத்தலையே" என்றிருந்தாள். பள்ளியில் அப்போது யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் ஒரு சாம்பல் நிறக் கோட்டு தைத்துக் கொண்டுவந்தாள். "உள்ள துணி மடிச்சு விட்டிருக்கேன், வளர்ற பசங்களுக்கு விடுற மாதிரி. ஆக ஆகப் பிரிச்சுக்கங்க."

அவளுக்கு இது பத்தொன்பதாவது வகுப்பு. சந்திப்பில் வண்டி மெதுவாகக் குலுங்காமல் நின்றது.

"இந்த வண்டிக்கு நல்ல குணம் டீச்சர்" என்றாள் தையல்கார அக்கா. "பிரேக்ல கால வெச்சாலே தானா இறங்குது. எங்க வீட்டு வேன் முரடு. நேத்து சும்மா உக்காந்து மிதிச்சுப் பாத்தேன், அசையவே இல்ல."

"எல்லா வண்டியும் பழகினா சரியாகிடும்க்கா" என்றாள் அவள். அவள் மனம் டெலிபோன் மேசையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போக வேண்டிய நாள். கணவன் அரை நாள் விடுப்பு எடுத்து, கம்பெனி வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். பின்னால் கம்பிச் சுருள்களும் எண்ணெய் டப்பாக்களும் உருண்டன. காலையில் மழை பெய்திருந்தது. அவள் வாசலின் சேற்றைத் தாண்டிவந்து ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் பாட்டு முணுமுணுப்பான், அவ்வளவுதான்.

பாதி தூரம் போனதும் அவன், "ஏன், வண்டி பிடிக்கலையா?" என்றான்.

"ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, வீட்டுலேர்ந்து தரைய மிதிச்சுட்டே வர்ற. ஓட்டை விழுந்தா கம்பெனில என்னைக் கேப்பாங்க."

"நான் எங்க மிதிச்சேன்?"

"இப்பக்கூட."

"நீங்க ஓட்டுற லட்சணத்துக்கு மிதிக்காம என்ன பண்றது?" என்றாள். சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் என்னையே சொல்லுங்க. பிஸ்கட்டுக்கு நான், துண்டுக்கு நான், டயருக்கு நான்."

அவன் பாட்டை நிறுத்திவிட்டான். தூரத்தில், நூறு அடிக்கு அப்பால், ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் சாலையைப் பார்த்தபடி நின்றாள். இறங்கக்கூட இல்லை, நின்றாள். வேனுக்குள் அவள் குனிந்து பார்த்தாள். வலது கால் விறைத்து, தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தொடை வரைக்கும் இறுகியிருந்தது. அதை வைத்து வேறு யாரோ மிதிக்கிற மாதிரி இருந்தது. அவள் மிதித்தது அவளுக்கே தெரியவில்லை.

காலை எடுத்துப் பார்த்தாள். ரப்பர் விரிப்பின் மேல் சேற்றுச் சுவடு. ஒன்றல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே இடத்தில், அச்சுக் குத்தின மாதிரி இருபது முப்பது சுவடுகள். பயிற்சி வண்டியில் அந்த இடத்தில்தான் இரண்டாவது பிரேக் இருக்கும்.

பிரேக்ல கால வெச்சாலே தானா இறங்குது.

"ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

"வாந்தி வருதா?"

"நிறுத்துங்களேன்."

அவன் நிறுத்தினான். அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள். "அவங்க யாருக்கும் நான் பிரேக் கத்துக்குடுக்கல. நானே போட்டிருக்கேன். மூணு பேருக்கும் நானே போட்டிருக்கேன். மிதிக்கிறது தெரியாம மெதுவா, அவங்க கால் போறதுக்கு முன்னாடியே."

"தெரியாமலா? வண்டில மணி கிணி எதுவும் இல்லையா? எங்க லிப்ட்ல கதவு இடுக்கினாலே கத்தும்."

இருந்தது. இரண்டாவது பிரேக்கை மிதித்தால் கத்துகிற ஒரு பஸ்ஸர். கொசு மாதிரி கத்துகிறது, கற்றுக்கொள்கிறவர்கள் மிரளுகிறார்கள் என்று முதலாளி எப்போதோ ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார். அவள்தான் மிதிக்கவே மாட்டாளே, அவளுக்கு எதற்கு மணி.

அவள் அழுவாள் என்று அவன் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தான். அவள் அழவில்லை. சங்கடம் அழுகையைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு மாதமாக எல்லோரிடமும் எதை இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாளோ, அந்தப் பதற்றம் இருந்திருக்கிறது. நெஞ்சிலும் வாயிலும் காவல் போட்டு வைத்திருந்தாள். அது காலில் போய் உட்கார்ந்துவிட்டது. சொல்லாமல் விட்டால் தையல்கார அக்கா சனிக்கிழமை தோற்பாள். சொன்னால் முதலாளி, பார்த்தாயா என்பார்.

"டயர் தேஞ்சது தேஞ்சதுதானே?" என்று கணவனைக் கேட்டாள்.

"அத நானே தொட்டுப் பாத்தேன். முட்டை மாதிரி இருக்கு."

"அது போதும்" என்றாள்.

மத்தியானம் அவள் நேராக முதலாளியின் மேசைக்குப் போனாள். "பஸ்ஸர் ஒயரை மாட்டுங்க சார்" என்றாள். எதற்கு என்று அவர் கேட்டதும் நின்றபடியே முழுவதையும் சொன்னாள். பயத்தில் மிதித்தேன் என்றும் சொன்னாள். அந்தச் சொல்லை அந்த அறையில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதலாளி கண்ணாடிக்கடியில் இருந்த லாரியை வெகுநேரம் பார்த்தார். பார்த்தாயா என்று சொல்லவில்லை.

"அப்போ சனிக்கிழமை வரைக்கும் தையக்காரம்மாவ நான் பாத்துக்கறேன். நீ ஓய்வெடு."

"இல்ல சார். கத்துக்குடுக்காதது நான். நாலு நாள் இருக்கு. ஒயரை மாட்டுங்க. நான் மிதிச்சா கத்தட்டும், எனக்குத் தெரிஞ்சா போதும். தோத்தா நானே போய் டெலிபோன எடுக்கறேன்."

அவர் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அவர் குனிந்து ஒயரை மாட்டுகிற நேரத்தில், அவள் தோற்ற மூவருக்கும் போன் செய்தாள், அந்த மேசையிலிருந்தேதான். மருந்துக்கடைக்காரர், "பரவாயில்லக்கா, உடம்பப் பாத்துக்கங்க" என்றார். கல்லூரி மாணவி, "அப்போ எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, பிளீஸ்" என்றாள். தலைமையாசிரியருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"அப்படின்னா நான் பெயில் இல்லையா?"

"பாதி பெயில் சார். மீதிப் பாதி நான்."

"எழுத்துல தர முடியுமா? வீட்ல காட்டணும்."

தையல்கார அக்காவிடம் மட்டும் நேரில் சொன்னாள். அந்த அக்கா ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ பத்தொம்பது கிளாஸும் நீங்கதான் ஓட்டினீங்களா?"

"ஸ்டியரிங் நீங்க. கியர் நீங்க. பிரேக்தான்..."

"வண்டிக்கு நல்ல குணம்னு நான் வீட்ல போய்ச் சொன்னேன் டீச்சர்." அவள் குரலில் சிரிப்பு இல்லை. "எனக்குப் பன்னெண்டு நாளா இருந்தது இப்ப பதினொண்ணு."

"தெரியும்க்கா. கோபப்படுங்க."

"கோபம்தான். கோட்டக் கழட்டிக் குடுங்கன்னு கேக்கலாம்னு வருது. ஓட்டிக்கிட்டே கோபப்படறேன், சாவியக் குடுங்க."

முதல் சுற்றில் பஸ்ஸர் பதினான்கு தடவை கத்தியது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முகம் சுட்டது. நாய்க்கு ஒன்று. சைக்கிளுக்கு இரண்டு. திறக்கப்போகிற மாதிரி இருந்து திறக்காத ஒரு கார் கதவுக்கு ஒன்று. அவள் காலை இழுத்து இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த சந்திப்பு வந்ததும் அது தானாக வெளியே வந்தது.

தையல்கார அக்கா ஓரமாக நிறுத்தி, பையிலிருந்து ஊசி செருகுகிற பஞ்சுப் பந்தை எடுத்தாள். "இத உங்க பிரேக்கு மேல வெச்சுடவா?"

"நிஜமா ஆபத்து வந்தா?"

"மிதிங்க. குத்தும். ஆனா நிக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல்கார அக்கா சிரிக்காமல் பந்தைப் பைக்குள் வைத்துவிட்டு, "எதப் பாத்துதான் இவ்ளோ பயம்? நீங்க பாக்குறது எனக்குத் தெரியலையே" என்றாள்.

அவள் யோசித்துப் பார்த்தாள். "எல்லாத்தையும் பாத்து. வாயத் தொறந்தா ரோடு முழுக்கச் சொல்வேன்."

"அப்ப சொல்லுங்களேன். நானும் பாப்பேன்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் சொல்லச் சொல்ல, ஓட்டுகிறவள் பதில் சொன்னாள்.

"வலது பக்கம் சைக்கிள்."

"பாத்துட்டேன்."

"பஸ் கிளம்பப் போகுது."

"பாத்துட்டேன்."

"அந்த நாய்."

"அது தூங்குது டீச்சர்."

"எந்திரிச்சா?"

"எந்திரிச்சா பாத்துக்கறேன்."

"பந்து."

"பந்துக்குப் பின்னாடி புள்ள வரும். கால மாத்திட்டேன்."

வண்டி நின்றது. கொஞ்சம் குலுங்கித்தான் நின்றது. பஸ்ஸர் கத்தவில்லை. பந்துக்குப் பின்னால் ஒரு சிறுமி வந்து, அதை எடுத்துக்கொண்டு, இவர்களை முறைத்துவிட்டுப் போனாள்.

வாயால் சொல்லிவிட்ட பயத்துக்கு அவள் கால் போகவில்லை. முழுதாக நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. புதன்கிழமை ஆறு. வியாழக்கிழமை இரண்டு. நடுவில் ஒரு சிவப்பு விளக்கில் காரணமே இல்லாமல் அழுதாள். தையல்கார அக்கா, "நீங்க அழுங்க, நான் விளக்கப் பாக்குறேன்" என்றாள். வெள்ளிக்கிழமை ஒன்றே ஒன்று, காற்றில் பறந்துவந்த ஒரு பிளாஸ்டிக் பைக்கு. "அதுக்கு நானும் மிதிச்சிருப்பேன்" என்றாள் தையல்கார அக்கா. அந்த அக்காவின் கோபம் எப்போது போனது என்று இருவருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் முதலாளியே வண்டியைத் தேர்வு மைதானத்துக்கு ஓட்டிவந்து, சாவியைக் கொடுத்துவிட்டு, நிற்காமல் போனார். ஆய்வாளர் ஒல்லியான மனிதர். அட்டையும் பேனாவுமாக ஏறி, அவள் இடத்தில் உட்கார்ந்தார். வண்டி வாசலைத் தாண்டிப் போயிற்று.

அவள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று பத்தாவது நிமிடத்தில் தெரிந்தது. "சைக்கிள்" என்று முணுமுணுத்தாள். "பஸ். நாய்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் வலது கால் தரையை மிதித்துக்கொண்டுதான் இருந்தது. மிதிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இங்கே மிதித்தால் எந்த வண்டியும் நிற்கப்போவதில்லை.

வாசலில் வண்டி தெரிந்தபோது, மைதானத்துக் காவலாளி ஒருவர் தற்செயலாகக் குறுக்கே நடந்தார். அவள் எழுந்து நின்றுவிட்டாள். வண்டி நின்றது. காவலாளிக்கு நான்கு அடி முன்னால், சொல்லிவைத்த மாதிரி. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சீட்டில் ஒரே ஒரு குறிப்பு. ஓரம் கட்டும்போது சற்றுக் கோணல். கீழே, தேர்ச்சி.

தையல்கார அக்கா சீட்டைத் துணி பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "கோணலாம். நாப்பது வருஷமா நேரா வெட்டுறவளப் பாத்து." பிறகு, "ஏறுங்க டீச்சர். நான் கொண்டுபோய் விடறேன்" என்றாள்.

அவள் தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கீழே பெடல் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் ஏறினாள். எட்டு வருடத்தில் அந்த வண்டியின் பின்னிருக்கையில் அவள் உட்கார்ந்தது கிடையாது. செருப்பைக் கழற்றி, வீங்கியிருந்த பாதங்களை இருக்கையின் மேல் நீட்டிக்கொண்டாள். "கொஞ்சம் மெதுவா" என்று ஆரம்பித்து, மேற்கொண்டு சொல்லாமல் விட்டாள். இரண்டு சந்திப்பு தாண்டியதும் அவளுக்குக் கண் சொக்கியது.

பள்ளி வாசலில் முதலாளி நின்றிருந்தார். பின்கதவு திறந்து அவள் இறங்குவதையும், முன்கதவிலிருந்து தையல்கார அக்கா இறங்குவதையும் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "பாஸா?" என்றார். "பின்ன?" என்றாள் தையல்கார அக்கா.

"திங்கக்கிழம தலைமையாசிரியர வரச் சொல்லியிருக்கேன் சார்" என்றாள் அவள். "பஸ்ஸர் அப்படியே இருக்கட்டும். எட்டாம் மாசம் தொடங்கினா நானே இறங்கிக்கறேன். அதுக்கு முன்னாடி அது நிறையக் கத்த ஆரம்பிச்சாலும் நானே வந்து சொல்றேன்."

"சொல்லுவ. அது தெரியும்" என்றார் அவர்.

செருப்பு வாரை மாட்டக் குனிந்தபோதுதான் அவள் பார்த்தாள். பின்பக்க டயர் கறுகறுவென்றிருந்தது. ஆழமான கோடுகள். ஓரத்தில் புது ரப்பரின் மயிர்கள்கூட உதிராமல் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதலாளி அதற்குள் உள்ளே போய், அடிக்காத டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

கணவன் வேனோடு வந்தபோது அவள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவன் பதறி இறங்கி ஓடிவந்தான். "என்ன ஆச்சு? பெயிலா?"

அவள் இல்லை என்று தலையாட்டி, டயரைக் காட்டினாள்.

அவன் டயரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தான். ஒன்றை எடுத்தவன், யோசித்து, மறுபடி உள்ளே வைத்தான்.

"கடிங்க" என்றாள் அவள். "இன்னிக்குக் கடிக்கலாம்."

"எந்த மாடி?"

"தெரியல. கதவு திறந்திருக்கு."